அணைக்க வேண்டாம்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாய் ஓயாத மனுஷன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச், கிளட்ச்! கிளட்சை மிதிங்கன்னா எதுக்கு பிரேக்கை மிதிக்கிறீங்க?" என்று கத்திக் கத்தியே ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர். வீட்டுக்கு வந்தாலும் அதே சத்தம்தான். அந்தத் தொண்டையில் போய்க் கட்டி வந்தது. குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவரே ஒரு வழியும் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் இவர் பேசுவதைப் பதிந்து வைத்துக்கொண்டால், அதைக் கொண்டு இவர் குரலிலேயே பேசும் கருவி ஒன்றைச் செய்து தர ஒரு கம்பெனி இருக்கிறதாம். இவர் எழுத்தைத் தட்டினால் அது இவர் குரலில் வாசிக்கும். கம்பெனி அனுப்பிய வாக்கியங்களைப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்கப் படித்து வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்தார். "இன்று வானம் தெளிவாக இருக்கிறது", "எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும்" என்று ஒரே மரியாதை. எல்லாம் முடிந்ததும் தன் பங்குக்குக் கொஞ்சம் திட்டும் சேர்த்துக்கொண்டார். "இது இல்லேன்னா என் குரல்னு எவன் நம்புவான்?" என்றார்.

கடைசிச் சில வாக்கியங்கள் கரகரவென்று விழுந்துவிட்டன. அவற்றைத் திரும்பப் படித்துவிட்டு மொத்தமாக அனுப்பலாம் என்று தள்ளிப் போட்டார். அதற்குள் ஆபரேஷன் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, அவர் குரல் சுத்தமாக இருந்தது அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். மற்றபடி எங்களிடம் இருக்கிற வீடியோக்களில் எல்லாம் என்ஜின் சத்தம், இல்லாவிட்டால் என் சத்தம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர் கழுத்தில் ஒரு துளை, துளையில் ஒரு குழாய். மூச்சு அதன் வழியாகத்தான். சளி அடைத்துக்கொள்ளாமல் உள்குழாயை அடிக்கடி எடுத்துக் கழுவ வேண்டும். பேச்சுக்கு ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும். அதிலும் கொட்டை கொட்டையாக எழுதி என்னோடு சண்டை போட்டார். கருவி மட்டும் வரட்டும் அப்புறம் இருக்கிறது உனக்கு என்று ஒருநாள் எழுதிக் காட்டியபோது சிரித்துவிட்டேன்.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அன்று சாயங்காலம் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஆம்புலன்ஸ் போவது போல ஒரு சத்தம். கூடவே ஒரு பெண் குரல். "எச்சரிக்கை! உங்கள் கணினியில் வைரஸ் நுழைந்துவிட்டது. உங்கள் கோப்புகள் அழிக்கப்படுகின்றன. கணினியை அணைக்க வேண்டாம். அணைத்தால் அனைத்தும் அழிந்துவிடும். உடனே இந்த எண்ணை அழையுங்கள்."

ஓடிப் போய்ப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்புப் பெட்டிகள். ஒன்றை மூடினால் மூலையில் இன்னொன்று எட்டிப் பார்த்தது. இவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்து மௌஸை ஆட்டிக்கொண்டே இருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மடியில் கிடந்த பலகையில் 'அணைக்காதே' என்று எழுதி, அதன் கீழே மூன்று கோடு போட்டிருந்தார்.

என்ன நடந்தது என்று பலகையில் எழுதி அழித்து எழுதி அழித்துச் சொன்னார். பதிவுகளைக் கம்பெனிக்கு அனுப்பலாம் என்று மத்தியானம் உட்கார்ந்திருக்கிறார். பெரிய கோப்புகளை இலவசமாக அனுப்ப வழி தேடி ஏதோ ஒரு தளத்துக்குள் போயிருக்கிறார். நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க 'அனுமதி' என்பதை அழுத்துங்கள் என்று கேட்டிருக்கிறது. அழுத்தியிருக்கிறார். அப்போது பிடித்தது இந்தச் சனியன். கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிட்டால்கூட எல்லாம் அழிந்துவிடுமோ என்று பயந்து, மத்தியானத்திலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் மௌஸை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். அந்த எண்ணுக்கும் அழைத்திருக்கிறார். அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்றார்களாம். இவரால் என்ன சொல்ல முடியும்? ரிசீவரில் விரலால் தட்டியிருக்கிறார். வைத்துவிட்டார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. என் போனை எடுத்து அந்த எண்ணைப் போட்டேன்.

"வணக்கம் மேடம், பயப்படாதீங்க. சரியான நேரத்துக்குக் கூப்பிட்டிருக்கீங்க" என்றான் ஒருவன். தேன் ஒழுகும் பேச்சு. "கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிடலையே?"

"இல்லைங்க."

"ரொம்ப நல்லது. நான் சொல்றதை மட்டும் செய்யுங்க."

அவன் சொன்ன முகவரியைத் தட்டினேன். எதுவோ இறங்கியது. திரையில் வந்த எண்களைப் படித்துக் காட்டினேன். அடுத்த நொடி மௌஸ் அம்பு தானாக நகர்ந்தது. மௌஸ் மேல் யார் கையும் இல்லை.

"நான்தான் மேடம். உங்களுக்காக உள்ளே வந்திருக்கேன்" என்றான். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தான். புரியாத எழுத்துகள் சரசரவென்று ஓடின. "பாருங்க, ஓடுறது பூரா வைரஸ். எந்த ஃபைல் உங்களுக்கு ரொம்ப முக்கியம்னு சொல்லுங்க, அதை முதல்ல காப்பாத்திடுறேன்."

நானே சொன்னேன். இந்த வாயால் நானே சொன்னேன். "அந்த ஓரத்துல குரல்னு ஒரு ஃபோல்டர் இருக்கு பாருங்க, அதுதாங்க. அது போச்சுன்னா எங்களுக்கு எல்லாமே போச்சு."

அம்பு அங்கே போனது. திறந்தது. ஒன்றை அழுத்தியது.

"இன்று வானம் தெளிவாக இருக்கிறது."

ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை. தைரியம் வரவில்லை. இப்போது எவனோ ஒருவன் போட்டுக் காட்டுகிறான். திரும்பிப் பார்த்தேன். இவர் கழுத்துக் குழாயைக் கையால் பொத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"யாரு மேடம் இது?"

"எங்க வீட்டுக்காரர்."

"நல்ல குரல்" என்றான். எனக்கு ஏனோ உடம்பு கூசியது.

ஒரு பச்சைக் கோடு திரையில் மெதுவாக ஊர்ந்தது. அது முடியும்வரை எதையும் தொடக்கூடாது என்றான். அந்த நேரம் பார்த்து இவர் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. மத்தியானத்திலிருந்து குழாயைக் கழுவவில்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் போனை மேசையில் போட்டுவிட்டு, உள்குழாயைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். பிரஷ்ஷை விட்டுச் சளியைத் தள்ளினால் வருவேனா என்றது. அறையில் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. டம் டம் என்று தட்டினார். அவசரப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

"இதோ வந்துட்டேங்க, ஒரு நிமிஷம்!" என்று கத்தினேன்.

இன்னும் பலமாகத் தட்டினார். ஏதோ விழுந்து உடைந்தது.

ஓடி வந்தபோது பூச்சாடி தரையில் கிடந்தது. அவர் திரையைக் காட்டினார். ஃபோல்டர் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அவர் கண் முன்னாலேயே அம்பு அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பார்த்துக்கொண்டு இருந்தவரால் என்னைக் கூப்பிட முடியவில்லை.

"பாதுகாப்பான இடத்துக்கு மாத்திட்டேன் மேடம். கட்டணம் கட்டினா திரும்ப வந்துடும். உங்க கார்டு நம்பரைச் சொல்லுங்க" என்றது போன்.

அணைக்காதே என்று பகலெல்லாம் காவல் காத்த மனுஷன் எழுந்தார். குனிந்து, மின்சார ஒயரை வேரோடு பிடுங்குவது போல இழுத்தார். திரை இருண்டது. அறை திடீரென்று அமைதியானது. அந்த அமைதிதான் சைரனை விடப் பயங்கரமாக இருந்தது.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வீட்டுக்கு வந்தார். முதல் வேலையாக இன்டர்நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிறகுதான் ஆன் செய்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிரவுசரில் அமைப்புகளுக்குள் போய், அங்கிருந்து அறிவிப்புகளுக்குள் போனார். எந்தெந்தத் தளத்துக்கு அனுமதி என்ற இடத்தில் ஒரே ஒரு வாயில் நுழையாத பெயர் இருந்தது. அதை நீக்கினார். நேற்று அந்தத் தொல்லைக்காரன் இறக்கச் சொன்ன நிரலையும் நீக்கினார். உண்மையான வைரஸ் இருக்கிறதா என்று முழுசாகத் தேட விட்டார். ஒரு சிவப்புப் பெட்டிகூட அப்புறம் வரவில்லை.

"இதுல வைரஸே இல்லம்மா" என்றார். "அது சும்மா விளம்பரம் மாதிரி வர்ற அறிவிப்பு. ஜன்னலுக்கு வெளிய நின்னு ஒருத்தன் பூச்சாண்டி காட்டுற மாதிரிதான். அந்த நம்பருக்குப் பேசாம, நேத்தே ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு..." என்று சொல்ல வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கோப்புகளை மட்டும் அவராலும் மீட்க முடியவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய் என்னென்னவோ செய்து பார்த்தார். அழித்த இடத்தில் வேறெதையோ எழுதிவிட்டுப் போயிருக்கிறான் என்று உதட்டைப் பிதுக்கினார். வங்கியில் சொல்லி கார்டை நிறுத்தினேன். போலீஸில் புகார் கொடுத்தேன், ரசீது கொடுத்தார்கள். கம்பெனிக்காரர்களைக் கேட்டதற்கு, பதிவு இல்லாவிட்டால் பொதுவான குரல் ஒன்று தருகிறோம் என்று போனிலேயே போட்டுக் காட்டினார்கள். செய்தி வாசிப்பவர் மாதிரி வழவழவென்று இருந்தது. இவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு பலகையையும் தொடவில்லை. ஆபரேஷனில் நிற்காத பேச்சு இப்போது நின்றது. எனக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போனாலும், சாப்பிட்டாரா, குழாயைக் கழுவினாரா, இல்லை போதும் என்று சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் மெசேஜ் அனுப்புவேன். சில சமயம் ஒரு புள்ளி வரும். அதுதான் பதில்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். கடையில் கூட்டம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. வீட்டில் ஏதாவது ஆகி அக்கம்பக்கத்தார் யாராவது கூப்பிடுகிறார்களோ என்று பதறி எடுத்தேன்.

"நான்தான் பேசுறேன்."

கையிலிருந்த மருந்து பாட்டில் நழுவிக் கவுண்டரில் உருண்டது. அது அவர் குரல். அடித்தொண்டையில் லேசாக ஒரு கரகரப்போடு, அச்சு அசல் அவர் குரல்.

"ஆக்சிடென்ட் ஆயிடுச்சும்மா. ஆஸ்பத்திரியில இருக்கேன். அவசரமாப் பணம் கட்டணும்னு சொல்றாங்க. நான் சொல்ற கணக்குக்கு உடனே அனுப்பு."

அவர் வீட்டில் இருக்கிறார். குரல்வளை இல்லாமல் இருக்கிறார். என்னை வாழ்நாளில் ஒரு தடவைகூட 'ம்மா' போட்டுக் கூப்பிட்டதில்லை, 'ஏய்' தான். எவனோ ஒருவன் என் புருஷன் தொண்டையை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேசுகிறான்.

என் முகத்தைப் பார்த்து, கூட வேலை பார்க்கும் பெண் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தாள். அவளுக்கு எங்கள் கதை முழுக்கத் தெரியும். "ஐயோ அக்கா, அவனுங்கதான். கட் பண்ணுங்க, கட் பண்ணுங்க!" என்று கிசுகிசுத்தாள்.

சிவப்புப் பொத்தான் வரைக்கும் விரல் போய்விட்டது. அங்கேயே நின்றது. உலகத்தில் அவர் குரல் இப்போது சுத்தமாக இருப்பது இந்தத் திருடனிடம் மட்டும்தான். வைத்துவிட்டால் அதுவும் போய்விடும். எங்கள் பதிவைக் கொண்டு இவன் இதைச் செய்திருக்கிறான் என்றால், இவன் பேசுவதைக் கொண்டு கம்பெனிக்காரனால் செய்ய முடியாதா? எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவுண்டரில் வைத்தேன். அவள் போனைக் காட்டி, பதிவு செய் என்று சைகை செய்தேன். அவள் ஒரு கணம் முழித்தாள். பிறகு சட்டென்று தன் போனை எடுத்துப் பதிவை ஓடவிட்டு, என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். மருந்துச் சீட்டோடு நின்றவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கப்சிப் என்று ஆகிவிட்டார்கள்.

"சரியாக் கேக்கலைங்க" என்றேன். குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை. "எங்க ஆக்சிடென்ட்? எந்த ரோட்டுல?"

சொன்னான்.

"எந்த ஆஸ்பத்திரி? டாக்டர் பேரு என்ன?"

சொன்னான். இல்லாத டாக்டர், இல்லாத ஆஸ்பத்திரி. குரல் மட்டும் நிஜம்.

"எங்க அடி பட்டிருக்கு? வண்டி என்னாச்சு? எதிர்ல வந்தவன் யாரு?"

காலில் என்றான், லாரி என்றான், ஓட்டியவன் ஓடிப்போய்விட்டான் என்றான். நான் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனான். முதலில் அவன் பேசுகிறானே என்று பயந்தேன். இப்போது எங்கே பேச்சை நிறுத்திவிடுவானோ என்று பயந்தேன். சாமி, வைத்துவிடாதே, வைத்துவிடாதே என்று மனசுக்குள் அந்தத் திருடனைக் கும்பிட்டேன்.

"கணக்கு நம்பர் எழுதிக்கிட்டியா?"

"பேனா எழுத மாட்டேங்குதுங்க. திரும்பச் சொல்லுங்க."

சொன்னான். தப்பாகப் படித்துக் காட்டினேன். திருத்தினான். வேறொரு இடத்தில் தப்பாகப் படித்தேன். அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"உனக்கு அறிவிருக்கா? ஒரு விஷயத்தை எத்தனை தடவைதான் சொல்றது?"

ஒரு வார்த்தை பிசகாமல் அவரேதான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அது பதிவில் விழுந்து அவர் குரலைக் கெடுத்துவிடும் என்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு போனிடம் குனிந்தேன்.

"இல்லைங்க, எனக்கு அறிவே இல்லை" என்றேன். "முதல்ல இருந்து சொல்லுங்க."