தம்பி வீட்டு வழியாக ஒரு வயர்

என் குரலுக்கு மைக் வேண்டாம். முப்பத்தொரு வருஷம் பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து கத்திக் கத்தி வளர்த்த குரல். முன் படியில் நின்று ஒரு அதட்டுப் போட்டால் பின் படியில் தொங்குகிறவன் மறுபேச்சில்லாமல் உள்ளே ஏறிவிடுவான். ஓய்வு பெற்றபின் சேரன்மகாதேவியில் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்னைக் கமிட்டித் தலைவராகப் போட்டதும் இந்தக் குரலுக்காகத்தான். செந்தூர்பாண்டி அண்ணாச்சி நின்றால் வேலை நடக்கும் என்பார்கள். அந்தக் குரலையும் இந்தக் கையையும் வைத்துத்தான் என் மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

மகள் பெயர் விஜயஸ்ரீ. வீட்டில் விஜி. கம்ப்யூட்டரில் மேல்படிப்பு வரை படித்தவள். அவள் அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் நானும் அவளும்தான். திசையன்விளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பாத்திரக்கடைக்காரர்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் ஏறக்குறையத் தலையை ஆட்டிவிட்டேன். அந்த நேரத்தில்தான் சென்னைக் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்கு அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டது.

“எப்பா, இந்த ஒண்ணுக்கு மட்டும் விடுங்க. கிடைச்சிட்டுன்னா கல்யாணத்தை ரெண்டு வருஷம் தள்ளிப் போடுவோம். கிடைக்கலன்னா நீங்க சொல்லுத இடத்துல கழுத்தை நீட்டுதேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்” என்றாள்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் வாக்குக் கொடுத்தால் மாறமாட்டாள். அதில் அவள் அம்மா மாதிரி.

நேர்காணலைப் போனில் முடிக்க முடியாதாம். அவர்கள் கணக்குக் கொடுப்பார்களாம், இவள் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவதை அங்கே இருந்து பார்ப்பார்களாம். கல்லூரி நாளில் வாங்கிய மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று பின் அறையில் இருந்தது. அதற்கு நெட் இல்லை. நெட் கொடுக்கிற ஜெபஸ்டினை வரச் சொன்னேன். பொறுமையான ஆள். மாடிக்கு ஏறினான், கொல்லைப் பக்கம் போனான், தெருமுனை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தான்.

“அண்ணாச்சி, நாலு வழி இருக்கு. போன்ல இருந்து நெட்டை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாம். ஆனா உங்க வீட்டுக்குள்ள சிக்னலே வரமாட்டேங்குது. சிம் போடுத டாங்கிள் வாங்குனாலும் இதே கதைதான். மூணாவது, தெருமுனைக் கம்பத்துல இருந்து கேபிள் இழுக்கணும். ரோட்டைக் குறுக்க தாண்டி, நாலு வீட்டு ஓரமா வரணும். வைக்கோல் லாரி ஒண்ணு வந்துதுன்னா இழுத்துட்டுப் போயிரும்.”

“நாலாவது?”

அவன் விஜியைப் பார்த்தான். விஜி தரையைப் பார்த்தாள்.

“பின்பக்கத்துச் சந்துல கம்பம் இருக்கு. உங்க தம்பி மாடி வழியா வந்தா இருபதடி கூட இல்ல. குறுக்க ரோடு இல்லை, ஒண்ணும் இல்லை. ஏன், அவங்க வீட்டுல நெட்டே இருக்கு. மதிலுக்கு மேல ஒரு வயரைப் போட்டா சோலி முடிஞ்சிது.”

“அந்தப் பேச்சை எடுக்காதடே.”

தம்பி மாரிக்கண்ணு. ஒரே வீட்டில் பிறந்து, பாகம் பிரித்து, நடுவில் மதில் எழுப்பிக்கொண்டோம். அந்த மதில் என் பக்கம் நாலு விரற்கடை தள்ளி வந்துவிட்டது. கயிறு பிடித்து அளந்தேன். கொத்தனார் தப்பு என்றான் அவன். கொத்தனாருக்குக் கூலி கொடுத்தது யார் என்றேன் நான். ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. என் மனைவி செத்தபோது வந்து ஓரமாக நின்று அழுதான். நான் முகம் கொடுக்கவில்லை. நாலு விரற்கடை மண்ணுக்கு இவ்வளவா என்று நீங்கள் கேட்கலாம். இப்போது நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“எப்பா, நான் வேணா சித்தப்பாட்ட கேக்கட்டுமா? நீங்க பேச வேண்டாம்” என்றாள் விஜி.

“அவன்கிட்ட கை நீட்டித்தான் நீ வேலைக்குப் போகணும்னா அந்த வேலையே வேண்டாம். ஏ ஜெபஸ்டின், தெருமுனையில இருந்தே இழும்வே.”

இழுத்தான். ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் எவ்வளவு உயரமாகக் கட்ட முடியுமோ அவ்வளவு உயரமாகக் கட்டினான். ஏற்கெனவே அங்கே டி.வி. கேபிளும் மற்றதுமாகப் பத்து வயர் கிடந்தது. இது பதினொன்றாவது. கம்ப்யூட்டரில் நெட் வந்ததும் விஜி முகத்தில் அப்படியொரு சிரிப்பு. பார்த்தாயா, உன் சித்தப்பன் இல்லாமல் நடந்ததா இல்லையா என்றேன்.

நேர்காணலுக்குக் கம்பெனிக்காரன் கொடுத்த நாள் சித்திரைக் கொடையின் மூன்றாம் நாள். புதன்கிழமை காலை பதினொரு மணி. அன்று காலையில்தான் அம்மன் பூச்சப்பரத்தில் தெருவைச் சுற்றிவரும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சப்பரம் நிற்கும், வீட்டுக்காரர்கள் தட்டு எடுத்து வைப்பார்கள். அவளுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று எங்கள் வீட்டைப் பார்த்திருந்த ஒலிபெருக்கிக் குழாயை முந்தின நாளே அவிழ்த்து வேறு பக்கம் திருப்பச் சொன்னேன். மேளக்காரர்களிடம், எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போது கொஞ்சம் அடக்கி வாசியுங்கள் என்று சொல்லி வைத்தேன். இவ்வளவும் செய்தவன்தான் நான். அக்கறை இல்லாமல் கெடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அக்கறையோடு கெடுத்தேன்.

காலையில் அவள் குளித்து, திருநீறு பூசி, இளம்பச்சைச் சுடிதார் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கிளம்பும்போது காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “பயப்படாதட்டி, அம்மன் தெருவுலதான் நிக்கா” என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

பத்தேமுக்கால் இருக்கும். சப்பரம் தெருமுனை திரும்பியது. அந்த வருஷம் பூ அலங்காரத்தை ஒரு முழம் உயர்த்தச் சொன்னவன் நான்தான், மற்ற தெருச் சப்பரத்தைவிட நம்முடையது எடுப்பாக இருக்க வேண்டும் என்று. கலசம் போய் வயர்களில் மாட்டிக்கொண்டது. எலக்ட்ரீஷியன் சிவகணேஷ் கவட்டைக் கம்பால் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டான். ஒரு வயர் மட்டும் வரமாட்டேன் என்றது. சுமக்கிறவர்கள் வெயிலில் நின்று தள்ளாடினார்கள். நையாண்டி மேளம் காதைப் பிளந்தது.

“வெட்டும்வே அதை!” என்று கத்தினேன்.

“அண்ணாச்சி, யாருதுன்னு ஒரு நிமிஷம் பாத்துக்கிடுதேன்.”

“யாருதா இருந்தா என்னவே? அம்மன் நடுரோட்டுல நிக்கா, நீரு ஆராய்ச்சி பண்ணுதீரு. வெட்டும்வே!”

வெட்டினான். சப்பரம் நகர்ந்தது. கூட்டம் குலவை போட்டது. எனக்கு என்ன பெருமை என்கிறீர்கள்! சட்டைப்பையில் போன் அடித்தது, மேளத்தில் எனக்குக் கேட்கவில்லை. மூன்று தடவை அடித்திருக்கிறது. எல்லாம் விஜி.

எதிர்ச்சாரி வாசல்களை முடித்துத் திரும்பி, சப்பரம் பக்கத்து வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டைத் தொட்டிருந்தது. தட்டு எடுத்து வைக்கலாம் என்று நான் முன்னால் ஓடினேன். தேங்காய் எடுக்கக் கொல்லைப் பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். மதிலுக்கு மேலாக ஒரு நீல வயர் வந்து, துணிக்கொடியைத் தாண்டி, பின் அறை ஜன்னலுக்குள் போயிருந்தது. உள்ளே விஜி இங்கிலீஷில் பேசுகிற சத்தம் கேட்டது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. தெருப் பக்கம் இழுத்த வயர் இருக்க, எனக்குத் தெரியாமல், நான் கோயிலில் நிற்கிற நேரம் பார்த்து, அவனிடமே போயிருக்கிறாளே என்றுதான் புத்தியில் ஓடியது. ஏன் போனாள் என்று ஒரு வினாடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கிற வழக்கம் எனக்கு எப்போது இருந்தது? வயரை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. பிய்த்துக்கொண்டு வந்தது. சுருட்டி மதிலுக்கு மேலே எறிந்தேன்.

“உன் வயரை நீயே வச்சுக்கலே!”

மதிலுக்கு அந்தப் பக்கம் ஏணியில் மாரிக்கண்ணு நின்றிருந்தான். வயர் காற்றில் ஆடி நழுவிவிடக் கூடாது என்று அதைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறான் மனுஷன். நான் எறிந்தது அவன் மேலேயே விழுந்தது.

“எண்ணே, என்ன காரியம் செஞ்சிட்டீங்க! பிள்ளை பேசிக்கிட்டு இருக்குண்ணே. தெருமுனையில உங்க வயரை எவனோ அறுத்துட்டானாம். அழுதுக்கிட்டு வந்து நின்னுது. அதான் போட்டுக் கொடுத்தேன்.”

ஏழு வருஷம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எவனோ என்றான். அந்த எவன் யார் என்று எனக்குத்தான் தெரியும். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

விஜி வெளியே வந்தாள். காதில் மாட்டுகிற கருவி கழுத்தில் தொங்கியது. என்னைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள், அங்கேதான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். வாசலில் சப்பரம் வந்து நின்றது. மேளக்காரர்கள் நான் சொன்னபடி அடக்கித்தான் வாசித்தார்கள். அப்படியும் அடங்காத இரைச்சலில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு அவள் திரும்பத் திரும்ப ஏதோ சொன்னாள். பிறகு போனைக் கீழே இறக்கினாள்.

“என்னம்மா சொல்லுதாங்க?”

“மெயில் போடுதாங்களாம்ப்பா. தட்டை எடுத்து வைங்க, சாமி நிக்கி.”

மூன்றாம் நாள் மெயில் வந்தது. வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். படித்துவிட்டு என்னிடம் வந்து, “எப்பா, திசையன்விளைக்குச் சொல்லி விட்டிருங்க” என்றாள். வேண்டாம், இன்னொரு கம்பெனிக்குப் போடு என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்கவில்லை. “சத்தியம் பண்ணியிருக்கேன்லா” என்றாள். அதை அவள் கோபத்தில் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நாலு ஏச்சு ஏசியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு கிடந்திருப்பேன். ஏசவே இல்லை.

ஆவணியில் கல்யாணம். தம்பியும் அவன் மனைவி பிரேமலதாவும்தான் எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நின்றார்கள். இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். என் தனிச் சமையலைப் பார்த்துவிட்டு பிரேமலதா மத்தியானம் குழம்பு கொடுத்து அனுப்புகிறாள். அந்தக் குழம்பை வாங்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. போன வருஷமே இந்த வாய் ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

போன வாரம் திசையன்விளைக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை சரக்கு எடுக்கத் தூத்துக்குடிக்குப் போயிருந்தார். விஜி கடையில் இருந்தாள். எவர்சில்வர் குடங்களுக்கு நடுவே எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். அவள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தங்கமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் பில் போடுகிறபோது அவள் முகத்தைப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் நெட் வந்த அன்று சிரித்த முகம் அது இல்லை.

காப்பி வாங்கிக் கொடுத்தாள். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அன்னைக்கு நல்லாத்தான் பண்ணிக்கிட்டு இருந்தியாம்மா?”

“நல்லாத்தான் போச்சுப்பா. கணக்கு எல்லாம் முடிச்சிட்டேன். கடைசியா ஒரே ஒரு கேள்விதான் பாக்கி.”

“என்ன கேட்டாங்க?”

அவள் ஒரு சொம்பை எடுத்துத் துடைத்து வைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்த மாதிரி இருந்தது.

“சென்னைக்கு வந்து பாத்தா சம்பளம் கூடத் தாரோமே, ஏன் வரமாட்டேங்கீங்கன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“எங்க அப்பா ஒத்தையில இருப்பாங்க, விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றாள். “அதுக்குள்ள போயிட்டு.”

கடைக்கு இரண்டு பேர் குத்துவிளக்குப் பார்க்க வந்தார்கள். “இருங்கப்பா, வாரேன்” என்று எழுந்து போனாள். நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு ஊருக்குக் கடைசி நேர் பஸ் என்று எனக்குத் தெரியும். வீட்டில் போய்ச் செய்ய ஒரு வேலையும் இல்லை.