பிறந்த வீட்டுச் சேலை

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் சுபத்ராவுக்குத் தெரிந்தது, காலில் செருப்பில்லை என்று. உள்ளங்காலுக்கடியில் மணல் நறநறத்தது. கடலுக்குப் போய் வந்த மணல். பிள்ளை இன்னும் வண்டியைக் கழுவவில்லை.

"அம்மா, நீ எதுக்கு வர்ற? நான்தான் காலையிலயே போய்ட்டு வந்துட்டேனே" என்றான் ஹேமநாத்.

"வண்டிய எடு."

"பெரியம்மா பக்கத்துல யாராவது இருக்கணும் இல்ல?"

"அக்கா ஐஸ் பொட்டிலதானே கீது. எங்கயும் எழுந்து போய்டாது. எடு நீ."

வாசல் ஷாமியானாவுக்குக் கீழே மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி மோகன்ராஜ் ஓட்டமும் நடையுமாக வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினான். பெரிய பங்காளி வீட்டுப் பிள்ளை, செல்லியம்மன் கோயில் காரியமெல்லாம் அவன் பொறுப்பு.

"அண்ணி, எங்க கெளம்பிட்டீங்க? மூணு மணிக்குள்ள எடுத்தாகணும். காப்பு கட்டிக் கோயில மூடி வெச்சிருக்கோம். எடுத்து, தெருவக் கழுவி, அப்புறம்தான் நடையத் தொறக்கணும். சாயங்காலம் ஆத்தா பொறப்பாடு."

"ஒரு பொம்பளைக்காவ ஆத்தா கொஞ்ச நேரம் காத்துக்கினு இருக்க மாட்டாளா?"

"ஆத்தா இருப்பா அண்ணி. டிராஃபிக் போலீஸ்காரன் இருக்க மாட்டான்."

"பொறந்த வூட்டுக் கோடி வராம எடுக்கக் கூடாது மோகனு."

"அவங்கதான் வரமாட்டோம்னு சொல்லி அனுப்பிட்டாங்களே. நாமளே ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம். பல்லாவரத்துல கடைக்கா பஞ்சம்?"

"நாம போட்டா அது புகுந்த வூட்டுக் கோடி" என்று சொல்லிவிட்டுச் சுபத்ரா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

பெண்ணாய்ப் பிறந்தவள் எத்தனை வயதில் கண்ணை மூடினாலும், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வந்து அவள் மேல் விழ வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது விழாமல் போகிறவள் நாதியற்றுப் போகிறவள். கீழ்க்கட்டளையில் ஏரியும் வயலும் போய் அபார்ட்மென்ட் வந்த பிறகும் இந்த ஒன்று மட்டும் மாறவில்லை.

ஓரகத்தி முனியம்மாவின் பிறந்த வீடு கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பம். சுபத்ராவின் மூத்தார் தட்சிணாமூர்த்தி வாலிபத்தில் அந்தக் குப்பத்துத் திருவிழாவுக்கு வண்டி நிறைய தர்ப்பூசணி ஏற்றிக்கொண்டு போனவர், திரும்பும்போது முனியம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அறுந்தது உறவு. தாய் செத்த செய்தியே முனியம்மாவுக்குக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. அதுவும் மீன்காரி ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னது.

மேடவாக்கம் சிக்னல் தாண்டியதும் வெயில் தார்ச்சாலைமேல் தண்ணீர் மாதிரி நெளிந்தது. இரண்டு பக்கமும் கட்டடங்கள் தூக்கக்கலக்கத்தில் நின்றன. இதே சாலையில் இதே காரில் இந்தக் கோடையில் வந்தோமே என்று நினைத்ததும், பின்சீட்டில் முனியம்மா உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்த்தாள். பேத்தியின் தொப்பி ஒன்றுதான் கிடந்தது.

"அம்மா, அந்த ஸ்டேட்டஸ் நான் நல்லதுக்குத்தான் போட்டேன்" என்றான் ஹேமநாத், சாலையைப் பார்த்தபடி.

"தெரியும்."

"ஆஃபீஸ்ல எல்லாருக்கும் தெரியணுமேன்னு. அந்த மீன்காரம்மா என் நம்பர வெச்சிருக்கும்னு எனக்கு என்னா தெரியும்?"

அதுதான் நடந்தது. விடியற்காலையில் மோட்டார் போட எழுப்பியபோது முனியம்மா எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த சுபத்ராதான் தொட்டுப் பார்த்தாள். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்த நேரத்தில் பிள்ளை பெரியம்மாவின் படத்தைப் போட்டு, ஓரத்தில் மெழுகுவத்தி ஆடவிட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஃபோனில் போட்டுவிட்டான். ஸ்கூட்டியில் மீன் கொண்டுவருகிறவள் குப்பத்துக்காரி. அவள் ஃபோனிலிருந்து குப்பம் முழுக்கப் போய்விட்டது. ஹேமநாத் நேரில் சொல்லப் போய் நின்றபோது, முனியம்மாவின் தம்பி கோதண்டம் முகம் கொடுக்கவில்லை. பிறந்த வீட்டுக்கு ஆள் வந்து, வாயால் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியில் வந்து சொன்னால் அது சாவு சொல்வதில்லை, அவமானம்.

பெரும்பாக்கம் சதுப்பில் தண்ணீர் வற்றி ஓரமெல்லாம் வெடித்திருந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் மினுக்கம். அதில் வெள்ளைப் பறவைகள் அசையாமல் நின்றன.

கடலுக்குப் போன அன்றைக்கும் நின்றன. "அதுங்களுக்குக் கால் வலிக்காதா பெரிய பாட்டி?" என்று வெண்ணிலா கேட்டாள். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த, சுபத்ராவின் மகள் வயிற்றுப் பேத்தி. "வலிக்கும். வலிச்சா கால மாத்திக்கும்" என்றாள் முனியம்மா.

என்ன கோடை அது! பிள்ளை இல்லாத முனியம்மாவுக்குப் பேத்தி வந்துவிட்டால் வீட்டில் யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். காலையில் நுங்கு. மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு அதற்குக் காவல் என்று குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பச்சை மாவையே பாதி தின்றார்கள். சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது, சாமி கும்பிட்டால் பன்னீர் சோடா என்று ஒப்பந்தம். ஆத்தா எதிரில் முனியம்மா கண்ணை மூடி நிற்பாள். வேண்டுதல் நீளும். "பெரிய பாட்டி, கேஸ் போய்டும்" என்று வெண்ணிலா புடவையை இழுப்பாள். ஒரு மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தவள் கால்விரலுக்கெல்லாம் நீலச்சாயம் பூசிவிட்டாள் அந்தக் குட்டி. எழுந்து பார்த்த முனியம்மா திட்டவில்லை. காலை நீட்டி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

இன்றைக்குக் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போது பக்கத்து வீட்டுக்காரி, "அய்யே, இன்னாது இது, மண்ணெண்ணெ போட்டுத் தொடைங்க" என்றாள். "இருக்கட்டும்" என்று சொன்னது சுபத்ராதான்.

கடலுக்குப் போகவேண்டும் என்று கேட்டதும் முனியம்மாதான். "சமுத்திரத்துல கால நனைச்சி எவ்ளோ நாளாச்சி சுபா. கொழந்தைக்கும் காட்டினாப்பல ஆவும்." ஹேமநாத் மெரினா என்றான், பெசன்ட் நகர் என்றான். "அதெல்லாம் பாக்கற சமுத்திரம். நான் சொல்றது என் சமுத்திரம்" என்றாள் அவள்.

அலையில் நின்றார்கள். திரும்பும்போது கரையில் மீன் விற்கிற பெண்கள் வரிசையில் ஒருத்தி முன்னால் முனியம்மா போய்க் குந்தினாள்.

"சங்கரா இன்னா வெல?"

"உனக்கு இன்னா தோணுதோ குடு."

"அப்படிக் கூட விப்பாங்களா?"

"சில பேருக்கு விப்போம்."

அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பெண் நிமிரவே இல்லை. கேட்டதற்கு மேல் கை நிறைய அள்ளிப் பையில் போட்டாள். கொஞ்சம் தள்ளி, படகோரம் ஒரு ஆள் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு எஞ்சினைத் துடைத்துக்கொண்டே இருந்தான். காரில் ஏறப்போன வெண்ணிலா காலைத் தட்டியபோது, "தட்டாத கண்ணு. அதுவும் நம்ம கூட வூட்டுக்கு வரட்டும்" என்றாள் முனியம்மா. ஹேமநாத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. காருக்குப் புது மிதியடி போட்டிருந்தான்.

அன்று சாப்பிட்டுவிட்டுக் கை காய உட்கார்ந்திருக்கும்போதுதான் சொன்னாள். "மீனு குடுத்தாளே, அவதான் என் தம்பி பொண்டாட்டி மஹாலட்சுமி." கொஞ்சம் பொறுத்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள். "நான் செத்தா அவன் கோடி எட்த்துக்கினு வருவானா சுபா?"

"வராம எங்க போவான்" என்றாள் சுபத்ரா. தட்டுக் கழுவிக்கொண்டே சொன்ன பதில்.

குப்பத்தில் காரிலிருந்து இறங்கியதும் மணல் காலைச் சுட்டது. சுபத்ரா நிற்காமல் நடந்தாள். படகுகளுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை. உள்ளே நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்த அந்த முதுகைக் கண்டதுமே எவன் கோதண்டம் என்று தெரிந்துவிட்டது. வெளியே மஹாலட்சுமி மீன் அலம்பிய அன்னக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

சாவு சொல்ல வந்தவர்கள் உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. சுபத்ரா வெயிலிலேயே நின்றாள்.

"உன் அக்கா முனியம்மா தவறிப் பூட்டா. பொறந்த வூட்டுக்குச் சொல்ல வந்துக்கறேன்."

கோதண்டம் கையிலிருந்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதான் காலைலயே பாத்தமே. படம் போட்டு, பூ போட்டு, மெழுவத்தி ஆடிக்கினு கீது. ஊரே பாத்துடுச்சி. எங்களுக்குத் தனியா இன்னாத்துக்கு?"

"புள்ள தெரியாம பண்ணிட்டான்."

"சாவு சொல்ல பொம்பள வருவாளா? இன்னா பயக்கம் இது? உங்க வூட்ல ஆம்பள இல்லியா?"

"கீறான். காலைல வந்தான். நீ தொரத்திட்ட. அதான் நான் வந்தேன்."

எதிரில் இருந்தவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். சுபத்ராவின் நாக்கு நுனியில் ஒரு வார்த்தை வந்து நின்றது. அதைச் சொன்னால் இவன் எழுந்தே போய்விடுவான். விழுங்கிக்கொண்டாள்.

அதை மஹாலட்சுமி சொன்னாள். கூடையைக் கவிழ்த்த கை நிற்காமல், யாரையும் பார்க்காமல்.

"அத்த செத்தப்போ நாம ஆளு அனுப்பினமா?"

சீட்டாட்டம் நின்றது. அலை ஒன்று வந்து, முழுசாகத் திரும்பிப் போனது.

மஹாலட்சுமி வீட்டுக்குள் போனாள். திரும்பும்போது கையில் ஒரு சேலை. மஞ்சளில் அரக்குக் கரை. குப்பத்துத் திருவிழாவுக்கு அவளுக்கென்று எடுத்தது போல. ரவிக்கைத் துணி இன்னும் வெட்டப்படவில்லை. புருஷன் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட படகின்மேல் அதை வைத்தாள்.

"நான் எட்த்துக்கினு போவ முடியாது. நானும் வந்தவதான், இந்த அம்மா மாதிரி. நீ எட்த்துக்கினு போனாதான் கோடி. இல்லாங்காட்டி இங்கியே கெடக்கட்டும்."

காற்றில் மணல் எழும்பிச் சேலைமேல் விழுந்தது. கோதண்டம் அதைப் பார்த்தபடியே இருந்தான்.

சாவு சொன்னவர்கள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதில்லை. சுபத்ரா திரும்பி நடந்து காரின் பின்சீட்டில் ஏறினாள்.

"போலாமா?"

"இரு."

"அம்மா, மோகன் சித்தப்பா மூணு வாட்டி ஃபோன் பண்ணிட்டாரு."

"பண்ணட்டும். இரு."

காருக்குள் ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. சுபத்ரா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள் வெயில் சிவப்பாக அலையடித்தது. அக்கா, ஒரு வார்த்தை தட்டுக் கழுவிக்கொண்டே சொல்லிட்டேன், இப்ப பார் என்று மனசுக்குள் சொன்னாள். வலிச்சா கால மாத்திக்கும் என்று முனியம்மா எங்கேயோ சொன்னாள்.

முன்கதவு திறந்தது. மீன் வாடையும் உப்புக் காற்றும் உள்ளே வந்தன. கோதண்டம் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டிருந்தான். சேலையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்தான்.

முட்டுக்காடு பாலம் வந்தது. பாலத்தின்மேல் ஏறும்போது கேட்டான்.

"இன்னா ஆச்சு அதுக்கு?"

"ஒண்ணும் ஆவல. தூக்கத்துலயே."

தலையை ஆட்டினான். பிறகு நெடுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். சோழிங்கநல்லூர் சிக்னலில் வண்டி நின்றபோது, திரும்பாமலே கேட்டான்.

"அன்னிக்கு அந்த சங்கரா... துன்னுச்சா?"

சுபத்ரா முன்சீட்டைப் பார்த்தாள். படகோரம் எஞ்சினைத் துடைத்துக்கொண்டே நின்ற முதுகு கண்ணில் வந்தது.

"முள்ளு கூட மிச்சம் வெக்கல தம்பி" என்றாள்.

தெருமுனையில் மோகன்ராஜ் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு நின்றான். காரிலிருந்து இறங்கியவனையும் அவன் கையிலிருந்ததையும் பார்த்ததும், வழிவிட்டு மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். மேளம் நின்றது. இதுவரை இந்த வாசற்படி மிதிக்காத ஆள், படிக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றான். பிறகு குனிந்து உள்ளே வந்தான்.

பெட்டியின் கண்ணாடி மூடியைத் திறந்தார்கள். குளிர் புகை மாதிரி எழும்பி அவன் முகத்தில் பட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தான். கால் பக்கம் பார்த்தான், நீல விரல்களைப் பார்த்தான். சேலையைப் பிரித்து, கழுத்திலிருந்து கால்வரை, குழந்தைக்குப் போர்த்துகிறவன் மாதிரி ஓரம் சரிசெய்து போர்த்தினான்.

மடிப்புக்குள் இருந்த மணல் மஞ்சள் துணிமேல் பொலபொலவென்று உதிர்ந்து பரவியது.

"பாட்டி, மண்ணு" என்று கிசுகிசுத்தாள் வெண்ணிலா. ஊதிவிட உதட்டைக் குவித்துக்கொண்டு பெட்டிமேல் குனிந்தாள்.

சுபத்ரா தன் உள்ளங்கையால் அந்தக் குட்டி வாயை மெல்லப் பொத்தினாள்.