கை காட்டினால் நிற்கும்

உள்ளங்கை தரையைப் பார்த்திருக்க, நீட்டிய என் கை மேலும் கீழுமாக அசைகிறது, காற்றைத் தட்டித் தூங்கவைப்பதுபோல, பெர்லினின் வடக்கு விளிம்பில் நெடுஞ்சாலைக்கு வளைந்து ஏறும் பாதையோரம் நிற்கிறேன், காலை ஒன்பதே முக்கால், மார்ச் மாதத் தூறல், ஹாம்பர்க் என்று எழுதிக்கொண்டுவந்த அட்டை பத்து நிமிடத்திலேயே கூழாகிவிட்டது, இனி கை ஒன்றுதான், ஒவ்வொரு காரும் என் கையைக் கண்டதும் வேகம் குறைகிறது, நின்றுவிடும் என்று குனிந்து பையை எடுக்கிறேன், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் உயர்த்தி நன்றி சொல்வதுபோலத் தலையசைத்துவிட்டுப் போகிறார், எதற்கு நன்றி, எனக்குப் புரியவில்லை, பையைக் கீழே வைக்கிறேன், மறுபடி கையை நீட்டுகிறேன், நான்கு மணிக்குள் போயாக வேண்டும், அப்பாவின் கப்பல் இன்று ஒரு பகல் மட்டும் ஹாம்பர்க்கில் கட்டிக்கிடக்கிறது.

கன்டெய்னர் கப்பலில் கயிறு கட்டுவதும் அவிழ்ப்பதும் துரு சுரண்டுவதும் அப்பாவின் வேலை, அவர் ஊர் திரும்பும் மாதங்களில் நான் இங்கே பரீட்சை எழுதிக்கொண்டிருப்பேன், நான் ஊருக்குப் போன ஒரே முறை அவர் பிரேசில் பக்கம் எங்கோ மிதந்தார், இப்படியே இரண்டு வருஷம் ஏழு மாதம், நேற்று மாலைதான் போன் வந்தது, ஏளா பாப்பா, நாளைக்கு ஹாம்பர்க்ல கட்டுறோம், நாலு மணி வரைக்கும் கரைல எறங்கலாம்னு கேப்டன் சொல்லிட்டாரு, ஒங்க ஊரு கிட்டதான, மேப்புல வெரக்கட தூரந்தான் இருக்கு, வந்துருவேன்ப்பா, டிக்கெட்டுக்குத் துட்டு இருக்கா, இருக்குப்பா என்றேன், இல்லை, மறுநாள் ரயிலுக்கு அவர்கள் கேட்ட விலையில் நான் மாதக் கடைசி வரை சாப்பிடலாம், மலிவுப் பேருந்தில் இடமில்லை, அறைத்தோழி யூதித் தன் மஞ்சள் மழைக்கோட்டைத் தந்து, போய்க் கட்டைவிரலைக் காட்டு, யாராவது ஏற்றிக்கொள்வார்கள் என்றாள், காட்டத்தான் காட்டினேன், ஆனால் ஊரில் கட்டைவிரலை ஆட்டினால் உனக்கு ஒண்ணுங்கிடையாது போ என்று அர்த்தம், போகிற காரையெல்லாம் பழிப்பதுபோல வெட்கமாயிருந்தது, விரல் தானாக மடங்கி, கை தனக்குத் தெரிந்த பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது, மணப்பாடு விலக்கில் தூத்துக்குடி பஸ்ஸை நிறுத்துகிற வேலை, எனக்கு ஐந்து வயது, லீவில் வந்திருக்கும் அப்பா என்னைத் தோளில் ஏற்றி, நீ காட்டுளா, ஒன் கைக்குத்தான் நிப்பான், நான் காட்டுனா டாட்டா காட்டிட்டுப் போயிருவான் என்கிறார், வெயிலில் நடுங்கியபடி பஸ் வருகிறது, என் கை அதன் மூக்கைத் தடவிக்கொடுப்பதுபோல மேலும் கீழும் போகிறது, பிரேக் கிறீச்சிட நிற்கிறது, டிரைவர் எட்டிப் பார்த்து, என்ன இன்ஸ்பெக்டரம்மா, செக்கிங்கா என்கிறார், அப்பா சிரிக்கிறபோது அவர் தோள் எனக்கடியில் குலுங்குகிறது, குலுங்கியபடியே ஒரு பழைய வேன் என் முன்னால் வந்து நிற்கிறது, பதினொன்று பத்து.

கண்ணாடியை இறக்கியவள் அறுபது வயதுக்காரி, ஒட்ட வெட்டிய நரைமுடி, பின்னால் கயிற்றால் கட்டிய பெரிய வெள்ளைக் குளியல்தொட்டி, முன்னாடி என்ன, விபத்தா, வேகம் பிடிக்கிற கேமராவா என்று கேட்டாள், ஒண்ணுமில்லீங்க, நான் ஹாம்பர்க் போகணும், பிறகு ஏன் எல்லாரையும் மெதுவாப் போகச் சொல்ற, சொல்லலையே, ஒன்றரை மணி நேரமா நிறுத்தத்தான் சொல்றேன் என்று மறுபடி கையை நீட்டிக் காட்டினேன், என் மஞ்சள் கோட்டையும் கையையும் மாறி மாறிப் பார்த்து ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தாள், அடிப்பெண்ணே, இங்க அதுக்கு வேகத்தைக் குறை, முன்னால ஆபத்துன்னு அர்த்தம், ஒன்றரை மணி நேரமா ஊரையே ஒழுங்கா ஓட்டவச்சிருக்க, போலீஸ்காரங்க உனக்குச் சம்பளம் தரணும், ஏறு, என் பேர் ஹைட்ருன், தொட்டி உடையாம இருக்கணும், எண்பதுக்கு மேல போகமாட்டேன், பரவாயில்லையா, பரவாயில்லை என்றேன், மனசுக்குள் கணக்குப் போட்டபடி, ஈர வயல்களில் காற்றாலைகள் சுற்றுகின்றன, ஹீட்டரின் சூட்டில் கண் சொருகுகிறது, தொட்டிக்குள் கடல் தளும்புகிறது, அதில் அப்பா முழங்காலிட்டுத் துரு சுரண்டுகிறார், கண்டக்டர் வந்து எங்கம்மா எறங்கணும் என்கிறார், அப்பாகிட்ட என்கிறேன், அதுக்குச் சில்லறை வேணுமே என்கிறார், பைக்குள் தேடுகிறேன், போன் அடிக்கிறது.

எங்கட்டி இருக்க, பக்கத்துல வந்துட்டேன்ப்பா, அரைமணி நேரம், ஹாம்பர்க் போர்டெல்லாம் தெரியுது, அப்பாவுக்குப் பின்னால் யாரோ கத்துகிறார்கள், பிறகு, ஆத்துல வழிகாட்டுற பைலட் முன்னாடியே கப்பல்ல ஏறிட்டாருளா, கயிறு அவுக்கச் சொல்லிட்டாங்க, சரி விடு, அடுத்த தடவ பாப்போம், சாப்ட்டியா, சாப்ட்டேன்ப்பா, நீங்க, வேலை முடிச்சுதான், வைக்கட்டா, வைத்துவிட்டார், அதன்பின் எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை, கயிறு பிடித்திருக்கும் கை எப்படி எடுக்கும், அந்த ஒன்றரை மணி நேரம், அந்த நன்றி சொன்ன விரல்கள், ஒவ்வொன்றாக என் முன்னால் போகின்றன, என் முகத்தைப் பார்த்து ஹைட்ருன் கேட்டாள், சொன்னேன், அவள் பாதை மாறினாள், கடலுக்குப் போக அந்தக் கப்பலுக்கு ஆறு ஒண்ணுதான் வழி, நாம கீழ்ப்பக்கம் கரைக்குப் போயிடலாம், தொட்டி உடைஞ்சா உடையட்டும் என்று முதல்முறையாக நூறைத் தாண்டினாள்.

மணற்கரை, தூறல், குடையோடு இருபது பேர், ஒரு நாய், எல்லாரும் கப்பல் பார்க்க வந்தவர்கள், நீலச் சுவராக அது ஆற்றை அடைத்துக்கொண்டு வருகிறது, பின்தளத்தில் ஆரஞ்சு உடுப்பில் நான்கு தீக்குச்சிகள், எது அப்பா, கரையில் எல்லாரும் கையசைக்கிறார்கள், நானும் இரண்டு கையையும் வீசிக் கத்துகிறேன், எந்தக் குச்சியும் திரும்பவில்லை, அப்பா கை காட்டினால் டாட்டா காட்டிட்டுப் போயிருவான், என் கை தாழ்கிறது, உள்ளங்கை தண்ணீரைப் பார்க்க நீள்கிறது, மேலும் கீழும், மேலும் கீழும், கையசைக்கிற இருபது பேர் நடுவே பஸ் நிறுத்துகிறவள் ஒருத்தி, ஒரு குச்சி கயிறு சுற்றுவதை விடுகிறது, கம்பிக்கு ஓடிவருகிறது, குனிகிறது, பிறகு அதுவும் ஒரு கையை வெளியே நீட்டுகிறது, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழும், கப்பல் நிற்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும், அது வளைவில் சிறுத்து மறைகிற வரை இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டேயிருக்கிறோம், நடுவில் அகன்ற சாம்பல் நிற ஆற்றைத் தட்டித் தூங்கவைப்பதுபோல.