பிஸ்தா பச்சைக்கு அடியில்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு எந்தத் தோற்றமும் இதற்கு இல்லை. அரியலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் மழைக்காலம் வந்தால் துணியெல்லாம் நமுத்த வாடை அடிக்கும். இந்த ஐப்பசியில் பீரோவை நகர்த்திப் பார்த்தோம். சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றேன். "கதையில செய்யுற வேலைய வூட்லயும் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி ஆரோக்கிய செல்விக்குப் போன் போட்டாள்.

செல்வி வரதராஜன்பேட்டைக்காரர், வயது நாற்பத்தொன்று. திருச்சியில் தீப்பிடித்த கடைகளைச் சுத்தம் செய்யும் குழு ஒன்றில் ஆறு வருடம் இருந்தவர். இப்போது கணவர் மிக்கேலோடு சேர்ந்து, வீடுகளில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் புகைக் கறையையும் பூசணத்தையும் தேடிப்பிடித்து எடுக்கிறார். என் சுவரைச் சுரண்டிக்கொண்டே, பெரம்பலூரில் வேலைக்கு ஒத்துக்கொண்டிருக்கும் இன்னொரு வீட்டைப் பற்றிச் சொன்னார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் சொன்னார்.

[ஆகவே அந்த வீட்டாரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். செல்வியின் பெயரை மட்டும் மாற்றவில்லை. "என் பேரு வரட்டும் சார், நாலு பேரு வேலைக்குக் கூப்புடுவாங்க" என்றார்.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"சுவர்களுக்கு மட்டும் வாய் இருந்திருந்தால், அந்த வீட்டின்—"

இதை எழுதிய கையை நானே ஒரு தட்டு தட்டிக்கொண்டேன்.

"புகை என்பது நெருப்பு விட்டுச் சென்ற—"

இதைச் செல்வியிடம் படித்துக் காட்டினேன். ஏணியில் நின்றபடி கேட்டார். "புகைன்னா பிசுக்கு சார். அவ்ளோதான்" என்றார்.

மூன்றாவது தொடக்கம் இது, இதையே வைத்துக்கொள்கிறேன்: சசிகலாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகள் பிரவீணா தலைப்பிரசவத்துக்குத் தன் வீட்டுக்கு வர வேண்டும்.

3

போன வருடம் ஆவணிக் கடைசியில் பிரவீணாவை உடையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ஜாதகத்தில் செவ்வாய் சற்று இடித்தது. மாப்பிள்ளையின் அம்மா பரிமளா ஒரு மாதம் யோசித்தார். சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை பரிகாரம் செய்து, பூ கேட்டு, நல்லபடியாக உத்தரவு வந்த பிறகுதான் சம்மதித்தார்.

கல்யாணம் முடிந்த பத்தொன்பதாம் நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, பெரம்பலூர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டர் பேட்டரி தீப்பிடித்தது. தீ பெரிதாகப் பரவவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மண்ணை அள்ளிக் கொட்டி அணைத்துவிட்டார்கள். ஒரு மரக்கதவும் இரண்டு நாற்காலிகளும்தான் போயின. ஆனால் புகை வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்து வந்திருந்தது. ஹாலும் அறைகளும் கரியப்பிக் கிடந்தன.

சசிகலாவின் கணவர் சுரேஷ்குமார் ஆபீஸிலிருந்து ஓடிவந்து, தெருவில் நின்ற மனைவியிடம் முதலில், "என்னென்ன போச்சு?" என்று கேட்டார். அடுத்து, "சம்மந்தி வூட்டுக்கு யாரும் சொல்லலயே?" என்றார்.

இரண்டாவது கேள்வியைச் சசிகலாவும் அதற்குள் நினைத்துவிட்டிருந்தாள். பத்தொன்பதே நாள். செவ்வாய் ஜாதகம். பெண் வெளியே கால் வைத்ததும் பிறந்த வீடு எரிந்தது என்று பரிமளா நினைத்துவிட்டால் பிரவீணா அங்கே எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? ஆகவே மறைத்தார்கள். தெருவும் வாயை மூடிக்கொண்டது. வாழப்போன பெண்ணின் விஷயம் என்றால் எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு அந்த அளவுக்கு நாகரிகம் உண்டு.

மறைப்பதற்குத் தோதாகத் தீபாவளி வந்தது. தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளை வரும் வீட்டுக்கு வெள்ளையடித்தால் யார் சந்தேகப்படுவார்கள்? புருஷனும் பெண்டாட்டியும் வாளி வாளியாகச் சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சுவர்களைக் கழுவினார்கள். வெளியே மழை விடாமல் பெய்தது. காயும் வரை காத்திருக்க நாள் இல்லை. பட்டி பார்த்து, மேலே பிஸ்தா பச்சை அடித்தார்கள். மாப்பிள்ளை வந்து, "கலரு நல்லாருக்கு மாமா" என்றார். சசிகலா அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிரசத்தைத் தட்டில் எடுத்து வைத்தாள்.*

* இந்த இடத்தில் "சுவர்கள் தம் ரகசியத்தை விழுங்கின" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். சுவர்கள் விழுங்கியது ஈரத்தை.

4

இந்த ஐப்பசியில் பிரவீணாவுக்கு உடையார்பாளையத்தில் வளைகாப்பு நடந்தது. வழக்கப்படி அன்றைக்கே தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். சசிகலா மகளுக்கென்று தயார் செய்திருந்த அறையில் மழை நாட்களில் ஒரு வாடை கிளம்பும். அதை விரட்ட, மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் சாம்பிராணி போட்டு வந்தாள். மகள் வந்த பிறகு காலையிலும் போட்டாள்.

ஐந்தாம் நாள் பிரவீணாவுக்கு மூச்சு இழுத்தது. திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"வீட்ல ஈரம் இருக்கா? தீ, புகை ஏதாவது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல டாக்டர். எங்க வீடு போன வருஷந்தான் பெயிண்ட் அடிச்சது" என்றாள் பிரவீணா.

சசிகலா பக்கத்தில்தான் நின்றாள். கையில் மகளின் தண்ணீர் பாட்டில். மறுபக்கம், செய்தி கேட்டு வந்திருந்த பரிமளா நின்றிருந்தார். சொல்லிவிடலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. பாட்டிலைத் திறந்து, "தண்ணி குடி பாப்பா" என்றாள்.

[இங்கே இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அவள்மேல் எனக்குக் கோபம். பிறகு நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அதே பாட்டிலைத்தான் திறந்திருப்பேன்.]

ஆஸ்பத்திரியிலிருந்து பரிமளா மருமகளை நேராக உடையார்பாளையத்துக்கு அழைத்துப் போய்விட்டார். சண்டையெல்லாம் இல்லை. "டெலிவரி எங்க வூட்லயே இருக்கட்டும் சம்மந்தி. அங்க வந்தா அவளுக்கு ஒத்துக்கல" என்றார். சண்டை போட்டிருந்தால் சசிகலாவுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

5

சுரேஷ்குமாரைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவரைக் கல்மனசுக்காரராக எழுதினேன். ஒரு கதைக்குக் கெட்டவர் ஒருவர் இருந்தால் சௌகரியம். செல்வி ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்புடி எழுதாதீங்க சார். அந்தச் சுவத்தையெல்லாம் கழுவுனதே அவருதான். முட்டி வீங்கிப் போச்சாம். இப்பவும் ஆபீஸ் விட்டு வந்ததும் எங்கூட நின்னு பழைய பட்டிய சொரண்டுறாரு. மூச்சு விட மாட்டாரு. மாஸ்க் போடச் சொன்னா மட்டும் கோவம் வரும்."

ஆகவே கெட்டவர் இல்லாத கதையாகப் போய்விட்டது. சிரமம்தான்.

6

அந்த வாடையைப் போக்கச் சொல்லிச் சசிகலா கூப்பிட்டு, செல்வி முதல் நாள் அந்த வீட்டுக்குப் போனபோது ஏணி கூடக் கொண்டுபோகவில்லை. ஒரு வெள்ளைத் துணியும் ஸ்குரூ டிரைவரும் போதும். மகளுடைய அறையில் நின்று இரண்டு தரம் மூச்சை இழுத்தார். பரணுக்கு உள்பக்கம் துணியால் ஒரு தேய்ப்பு. பிறகு சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றினார். பெயிண்ட் பிரஷ் நுழையாத இடம் அது. உள்ளே மைபோல் கறுத்திருந்தது.

"எப்பக்கா எரிஞ்சுது?"

"எரியலயே. மழைத்தண்ணி எறங்குனது" என்றாள் சசிகலா.

செல்வி துணியை நீட்டினார். "மழைத்தண்ணி இப்புடிக் கறுப்பா எறங்காதுக்கா. வெரல வச்சுப் பாருங்க, ஒட்டும். பிளாஸ்டிக்கு எரிஞ்ச புகை. பேட்டரியா?"

சசிகலா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவள் வாயால் இன்னொரு மனுஷியிடம் சொன்னது அன்றைக்குத்தான். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.

"கரி புடிச்ச சுவத்துல எடுத்தவொடனே தண்ணி படக் கூடாதுக்கா. காஞ்ச ஸ்பாஞ்சால ஒத்தித்தான் எடுக்கணும். நீங்க கழுவிக் கழுவி உள்ள எறக்கிட்டீங்க. அந்த ஈரம் காயறதுக்குள்ள பெயிண்ட வேற அடிச்சு மூடிட்டீங்க. இந்த கட்டில் தலமாட்டு சுவத்த ஒடச்சா உள்ள பூசணந்தான் பூத்துருக்கும். சாம்பிராணிய இன்னியோட நிறுத்துங்க."

"நிறுத்திடறேன். ஆனா கொழந்த பொறந்தா தலைக்கு ஊத்திட்டு சாம்பிராணி காட்டாம எப்புடி செல்வி?"

"காட்டக் கூடாதுக்கா. வெயில்ல காட்டுங்க, தல காஞ்சுடும்."

சசிகலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த வீட்டுக்குக் குழந்தை வரும் என்று யாரோ ஒருவர் பேசுவதே அவளுக்கு அப்போது பெரிதாக இருந்தது.

"மூணு வாரத்துல முடிச்சுத் தரேன்" என்றார் செல்வி. "ஆனா என்ன எரிஞ்சுதுன்னு அந்த டாக்டரம்மாவுக்குத் தெரியணும். பொண்ணு அஞ்சு நாள் இதுல படுத்துருக்கு. அத நான் சொல்ல முடியாதுக்கா. நீங்கதான் சொல்லணும்."

7

சொல்ல நான்கு நாள் ஆயிற்று. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் சசிகலா பதில்களை எழுதி வைத்துக்கொண்டாள். ஏன் மறைத்தீங்க என்று கேட்டால் இது. டாக்டரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டால் இது. அத்தைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் இது. அந்தக் கடைசிக் கேள்விக்கு எதிரே எழுதி எழுதி அடித்திருந்தாள்.

அன்று முற்பகல் பதினொரு மணி. செல்வி அதே அறையில் ஏணிமேல் நின்று பரணை ஒத்திக்கொண்டிருந்தார். சசிகலாவின் போனில் எதிர்முனைக் குரல் அறைக்கே கேட்கும். ஆகவே இந்தப் பகுதியில் என் கைச்சரக்கு குறைவு.

"பாப்பா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா. என்னா கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணு சொல்லணும்டி. நம்ம வூடு போன வருஷம் தீப்புடிச்சுது."

சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. பேட்டரி, புகை, தீபாவளி, பெயிண்ட், டாக்டர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பிறகு காலண்டர் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் கேள்விக்காகக் காத்திருந்தாள்.

"அப்ப நீ எங்கம்மா இருந்த?" என்றாள் பிரவீணா.

"என்னா?"

"தீப்புடிச்சப்ப. நீ எங்க இருந்த?"

தாளில் அது இல்லை. பதினான்கு மாதத்தில் அதை யாரும் கேட்கவில்லை.

[மேலே மூன்றாம் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். கதவும் நாற்காலியும் இருக்கின்றன, மாப்பிள்ளை கலரைப் பாராட்டியது இருக்கிறது. நானும் கேட்கவில்லை. திருத்தி எழுதலாம் என்று நினைத்தேன். வெட்கத்தோடு அப்படியே விட்டுவிட்டேன்.]

"உள்ளதாண்டி இருந்தேன்" என்றாள் சசிகலா. "பெட்ரூம்ல படுத்துருந்தேன். இருமிக்கிட்டே எழுந்து பாத்தா ஹாலே தெரியல. பாத்ரூமுக்குள்ள போயி வாளியக் கவுத்துப் போட்டு ஏறி, ஜன்னல் ஓட்டையில வாய வச்சுக்கிட்டு நின்னேன். பின்கதவ ஒடச்சு இழுத்தாங்க."

"எவ்ளோ நேரம்மா?"

"தெரியல பாப்பா. உம் பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். நீ கல்யாணமாயிப் போயிட்டங்கறதே மறந்துபோச்சு."

அந்தப் பக்கம் பிரவீணா அழுதாள். இந்தப் பக்கம் சசிகலா அழவில்லை. மகளை அழாதே, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று தேற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிரவீணா மெதுவாக, "அம்மா, போனு ஸ்பீக்கர்ல இருக்கும்மா" என்றாள். "காலு வீங்கியிருக்குன்னு அத்தை எண்ணெ தேச்சு விடுறாங்க. நீ அவங்களையும் விசாரிப்பியேன்னுதான் ஸ்பீக்கர்ல போட்டேன்."

சசிகலா எழுந்து நின்றுவிட்டாள். போனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு பரிமளாவின் குரல் வந்தது.

"சம்மந்தி."

8

அதற்குமேல் எனக்குத் தெரியாது. அந்தக் குரல் கேட்டதும் செல்வி ஏணியை விட்டு இறங்கி, கொல்லைப்பக்கம் போய்விட்டார். "அது அவங்க குடும்பப் பேச்சு சார். நின்னு கேக்குறது அழகா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு சாட்சி வாய்க்கக் கூடாது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) பரிமளா, "சுவரு நல்லா காயட்டும், நானே கொண்டாந்து விடுறேன்" என்கிறார். தை மாதம் அந்த அறையில் ஒரு குழந்தை— [எனக்கு இதுதான் வேண்டும். வேண்டும் என்பதாலேயே நம்பாமல் வைத்திருக்கிறேன்.]

(ஆ) பரிமளா, "அன்னிக்கே ஜோசியரு சொன்னாரு" என்கிறார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு— [முடிக்க மனசு வரவில்லை.]

(இ) பரிமளா, "சம்மந்தி" என்று அழைத்துவிட்டு அவரும் அழ—

இதை எழுதும் இன்று கார்த்திகை பத்தொன்பது. அங்கே வேலை இன்னும் முடியவில்லை. கட்டில் தலைமாட்டுச் சுவரை மிக்கேல் செங்கல் தெரியும் வரை கொத்திவிட்டார். பேச்சு எப்படி முடிந்தது என்று செல்வி கேட்கவில்லை, சசிகலாவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை அவள் வெறும் செங்கல்மேல் உள்ளங்கையை வைத்து, "இது காய எத்தன நாள் ஆவும் செல்வி?" என்று கேட்டாளாம். யாரையோ எதிர்பார்ப்பவள் அப்படிக் கேட்பாளா, இல்லை வெறும் வீட்டுக்காரியும் அப்படித்தான் கேட்பாளா? எனக்குப் பிடிபடவில்லை.

ஆகவே போனை உங்களிடம் தருகிறேன். பரிமளா கூப்பிட்டுவிட்டார். மருமகளின் கால் இன்னும் அவர் மடியில்தான் இருக்கிறது. அடுத்த வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், சசிகலா நின்றுகொண்டே கேட்கிறாள்.