ஐந்தில் மூன்று

இலங்கை மலையகத்தில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஐந்து காம்பரா வீடுகள். ஐந்து வீட்டாரும் சம்மதமென்று வெற்றிலைத் தட்டைத் தொட்டால்தான் எந்தக் காரியமும் நடக்கும். திருவிழாவுக்கு அது நல்ல வழக்கம்தான். மண்சரிவுக்குப் பயந்து கிளம்புவதற்கும் அதையே வைத்துக்கொண்டதுதான் அதே லயத்து ஜெயந்தினிக்குப் பொறுக்கவில்லை. போன வருச மழையில் நாலு வீடு மூட்டை கட்டியாயிற்று. கோயில் தலைவர் முருகையா மட்டும், மாடு கன்று போடும் நேரமென்று தட்டைத் தொடவில்லை. லயத்தோடு மண்ணுக்குள் போன மீரியபெத்தை சனங்களை நினைத்து நினைத்து, இரண்டு நாள் தூங்காமல் எல்லாரும் கிடந்தார்கள்.

ஜெயந்தினிக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. அங்கே அரைக்கும் மெஷினில் ஒரு பெல்ட் அறுந்தால் எல்லாம் நின்றுவிடும். கொழுந்து வாட்டும் காற்றாடி ஐந்தில் இரண்டு கெட்டாலும் வேலை ஓடும். மனுசப் புத்தியும் கெட்டுப்போகிற சாமான்தானே? ஒருத்தர் சொன்னாலே ஓடுவதென்றால், தூறலுக்கெல்லாம் ஓடி, நாலாம் தடவை யாரும் அசையமாட்டார்கள். அதனால் மூன்று பேர் தொட்டால் ஐந்து வீடும் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்றாள். முருகையா வாசலில் இருக்கும், ஆபத்துக் கோடு போட்ட ஒரே போத்தலில் எல்லாரும் மழையை அளந்தால், அது பிசகும்போது எல்லாரும் சேர்ந்தே ஏமாறுவோம், வீட்டுக்கொரு போத்தல் வேண்டும் என்றும் சொன்னாள்.

"அப்ப என் பேச்சுக்கு மதிப்பில்லையா, புள்ள?" என்று முருகையா முறைத்தார்.

"இருக்குங்க மாமா. அஞ்சுல ஒண்ணு. எனக்கும் அம்புட்டுதான்."

முனகிக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் தட்டு வந்தபோது ஜெயந்தினியின் மகளுக்கு அனலாகக் காய்ச்சல். அவள் போத்தலில் தண்ணீர் ஆபத்துக் கோட்டைத் தொடவில்லை. காற்று திரும்பியதில் அதற்குள் மழை விழாதபடி கூரை மறைத்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. கொட்டுகிற மழையில் பிள்ளையைத் தூக்கிப்போனால் ஜன்னி கண்டுவிடுமென்று பயந்தாள். தட்டைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு மாரியாயியும் தொடவில்லை. முருகையாவும் மற்ற இரண்டு பேரும் தொட்டார்கள்.

ஜெயந்தினி வாசலை மறித்துக்கொண்டு அழுதாள். முருகையா ஒன்றும் கோபிக்கவில்லை. மழைக்குப் போர்த்தும் தன் றப்பர் சீட்டில் பிள்ளையைச் சுற்றித் தோளில் போட்டார்.

"நீ போட்ட சட்டந்தான். நட."

மூன்றரை மணிக்கு மலை சரிந்த சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டது. மேலிருந்து வந்த மண், ஜெயந்தினியின் காம்பராவையும் மாரியாயியின் காம்பராவையும் மூடிவிட்டது. காய்ச்சல் தணிந்த மகள் பெஞ்சில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஜெயந்தினி முருகையாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் வேணாம்னு சொன்னேனே, மாமா."

"போன மழைக்கு நானு, இந்த மழைக்கு நீ, அடுத்த மழைக்கு வேற யாரோ," என்றார் முருகையா. "மூணு பேரு புத்தி வேலை செஞ்சாப் போதும். விடு புள்ள."