மூன்றாவது பெட்டை

நாய் வளர்ப்பு உரிமத்துக்காக உள்ளூர்க் கவுன்சிலிலிருந்து வந்திருந்த லவ்ரி, அளவுநாடாவின் ஒரு முனையை வீட்டுக்காரி மெய்னிரிடம் கொடுத்துவிட்டு மறு முனையைச் சமையலறையின் கோடிவரை இழுத்துக்கொண்டு போனாள். அடுப்பை ஒட்டிப் போட்டிருந்த பலகைப் பெட்டிக்குள் மாலி ஐந்து குட்டிகளோடு படுத்திருந்தது. பிறந்து ஒன்பது நாள். இன்னும் கண் திறக்கவில்லை. மற்ற இரண்டு பெட்டைகளும், ஷானியும் பெகியும், குட்டைக் கால்களோடு நாடாவின் பின்னாலேயே ஓடின. மந்தை மேய்க்கும் இனமான கோர்கி நாய்களுக்கு எது நகர்ந்தாலும் ஆட்டு மந்தைதான்.

லவ்ரி நல்ல பெண். நாற்காலி நுனியில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினாள். பிறகு பேனாவை மூடினாள்.

"நாய்ங்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது ஆன்ட்டி. ஆனா படிவத்துல அப்படி ஒரு கட்டமே இல்ல."

படிவம் கேட்டது குட்டி போடத் தனி அறை, கழுவக்கூடிய சுவர், நோய் கண்டால் ஒதுக்கி வைக்க இன்னோர் அறை. மூன்று பெட்டைகளை வைத்துக் குட்டி எடுத்தால் உரிமம் கட்டாயம்.

"ரெண்டு இருந்தா?"

"ரெண்டுன்னா நான் வரவே மாட்டேன்."

மெய்னிருக்குக் கோபம் வரவில்லை. இருட்டுக் கொட்டகைகளில் அடைத்த நாய்களின் படங்கள் செய்தித்தாளில் வந்தபோது, சட்டம் வேண்டுமென்று தபால் நிலைய வாசலில் நின்று மழையில் கையெழுத்து வாங்கியவள் அவள். அப்போது தன் அடுப்படியை யாராவது அளப்பார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை நண்பகலில் தம்பி இட்வாலின் வேன் வந்து நின்றது. நான்கு மைல் தள்ளி அவனுடைய பண்ணை. பால் மாடுகளை விற்றுவிட்டு அந்தக் கொட்டகையில் நாற்பது பெட்டைகளை வைத்திருந்தான்.

"எனக்கு ஒரே ஒரு குறைதான் சொன்னாங்கக்கா. வெளிச்சம் பத்தலையாம். நாலு பல்பு மாட்டினேன், உரிமம் கையில." சிரித்தான். "நீ மடியில வச்சு வளக்குற. சட்டத்துக்கு என் கொட்டகைதான் புடிச்சிருக்கு, நான் என்ன பண்ணட்டும்?"

"கிண்டல் பண்ணத்தான் வந்தியா?"

"இல்ல. பின்னாடி ரெண்டு ரூம் நானே கட்டித் தர்றேன். கல்லு, கூரை, ஆளு எல்லாம் என் பொறுப்பு."

"பதிலுக்கு?"

"சனிக்கிழமைல மட்டும் உன் அடுப்படி."

குட்டியைத் தாயோடு, பிறந்த இடத்திலேயே காட்டித்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். வருகிறவர்கள் கொட்டகையின் நீண்ட கம்பிக் கூண்டு வரிசையைப் பார்த்ததும் கார்ச் சாவியைத் தேடினார்கள். "ஒரு அடுப்பு, ஒரு கம்பளம், நீ, ஒரு டீ. வேற எதுவும் வேணாம்" என்றான் இட்வால்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு முறை அவனுடைய குட்டியொன்றைத் தன் வீட்டில் பிறந்ததாகக் காட்ட அவள் இடம் கொடுத்திருந்தாள். அந்தக் குட்டி விற்ற பன்னிரண்டாம் நாள் செத்துப்போனது. வாங்கிய பெண் தொலைபேசியில் அழுதாள். "உங்க வீட்டுல எவ்வளவு நல்லா இருந்துச்சு! நாங்கதான் என்னமோ தப்புப் பண்ணிட்டோம்." மெய்னிர், "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அதன் பிறகு பல நாள் தொலைபேசி அடித்தால் எடுக்கத் தயங்கினாள்.

அவள் பதில் சொல்வதற்குள் இட்வால் வேனின் பின்கதவைத் திறந்துவிட்டான். "வாங்குறவங்க மூணு மணிக்கு வர்றாங்க. இந்த ஒரு தடவை மட்டும்."

மாலியைப் பெட்டியோடு படுக்கையறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். ஷானியும் பெகியும் கொல்லைக்குப் போயின. அடுப்பின் முன்னால் ஒரு சிவப்புப் பெட்டையும் அதன் இரண்டு குட்டிகளும் வைக்கப்பட்டன. மெய்னிர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

ஸ்வான்சியிலிருந்து வந்த தம்பதிக்கு முப்பது வயதிருக்கும். கணவன் அடுப்பையும் சுவர்த் தட்டுகளையும் பார்த்துத் தலையசைத்தான். மனைவி தரையில் மண்டியிட்டாள். அந்த நேரம் ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்க, சிவப்புப் பெட்டை தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு மேசைக்கடியில் ஊர்ந்து போனது.

"கூச்சம்" என்றான் இட்வால்.

"இவ பேரு என்ன?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

இட்வால் அக்காவைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் மெய்னிர். "இது என் நாய் இல்ல. மத்தியானம் அந்த வேன்ல வந்துச்சு. பொறந்த எடம் நாலு மைல் தள்ளியிருக்கு. இவன் என் தம்பி. அங்க கூட்டிட்டுப் போய்க் காட்டுவான்."

இட்வால் நாய்களை அள்ளிக்கொண்டு வெளியே போனான். தம்பதி காருக்குள் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினார்கள். பிறகு கார் கிளம்பி வேனின் பின்னாலேயே போனது.

ஆறு மணிக்கு இட்வால் அழைத்தான்.

"வாங்கிட்டாங்க."

"கொட்டகையைப் பாத்துமா?"

"பாத்தாங்க. மொகம் சுருங்கிப் போச்சு. அப்புறம் கதவுல மாட்டியிருக்கிற உரிமத்தைப் படிச்சாங்க. சரியாயிடுச்சு. அங்கயும் அந்தப் பொண்ணு நாயோட பேரைக் கேட்டா."

"என்ன சொன்ன?"

"மெய்னிர்னு சொன்னேன்." வைத்துவிட்டான்.

இட்வால் அறை கட்டித் தரப்போவதில்லை. உரிமம் இல்லாமல் இனி இரண்டு பெட்டைகள்தான் குட்டி போட முடியும். பெகியின் குட்டிக்காக நான்கு குடும்பங்கள் காத்திருந்தன. ஆனால் போன தடவை பெகிக்குத்தான் வயிற்றை அறுத்துக் குட்டிகளை எடுக்க வேண்டியிருந்தது. நான்கு வீடுகளுக்கும் அழைத்து இனி இல்லை என்றாள். வேறு எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றாள்.

பெகியின் கருப்பையை எடுக்க, கால்நடை மருத்துவர் செவ்வாய்க்கிழமை நாள் கொடுத்திருந்தார். காலையில் எதுவும் சாப்பிடக் கொடுக்கவில்லை என்றாலும், கார்க் கதவு திறந்ததும் பெகி முதல் ஆளாக ஏறி முன்சீட்டில் நின்றது.

இரண்டு பக்கமும் புதர்வேலி உயர்ந்த ஒற்றை வழிப் பாதையில், ஆற்றுக்கு இறங்கும் வளைவில், எதிரே இட்வாலின் வேன் வந்தது. இருவரும் பிரேக் போட்டார்கள். முட்டாத குறை. வண்டி ஒதுங்குவதற்கான இடம் வேனுக்குப் பின்னால் இருபதடியில் இருந்தது. மெய்னிருக்குப் பின்னால் அரை மைலுக்கு ஒன்றும் இல்லை. பின்னால் நகர வேண்டியவன் அவன்தான். கண்ணாடி வழியே அவன் முகம் தெரிந்தது. முன்பு ஆற்று வெள்ளத்தில் சிக்கிய மாடுகளுக்காகப் பாலத்தடியில் இரவெல்லாம் சகதியில் நின்றுவிட்டு வருகிற நாட்களில் இருந்த அதே முகம். அவன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. பெகி அவனை அடையாளம் கண்டுகொண்டு, முன்கால்களை டாஷ்போர்டில் ஊன்றி, பிறவியிலேயே வால் இல்லாத பின்புறத்தை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தது.