நாடாவில் வைத்த வாய்

விடிவதற்கு முன்பே செல்லூரில் தறிகள் எழுந்துவிடும். அழகுபாண்டி முதலாளியின் கொட்டகையில் மோட்டார் பெல்ட்டுகள் சுழலத் தொடங்கினால் தகரக் கூரை அதிரும், நிற்கும் தரை அதிரும், காதுக்குள் வேறெதற்கும் இடம் இருக்காது. பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும் கையைத்தான் ஆட்ட வேண்டும். பஞ்சுத் தூசி முடியிலும் இமையிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பாண்டியம்மாள் இரண்டு தறிகளுக்கு நடுவில் நின்று ஓட்டுகிறவள். குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்ததும் தறியை நிறுத்தி, அந்த நூலைச் சுமந்து இங்கும் அங்கும் பாயும் மரக்கட்டையான நாடாவை வெளியே எடுத்து, நூல் சுற்றிய புதுத் தாரை அதற்குள் செருகுவாள். பிறகு நாடாவின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஓட்டையில் உதட்டை வைத்து ஒரே இழுப்பாக உறிஞ்சுவாள். நூல் முனை வாய்க்கு வந்துவிடும். கூடவே எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சும் வரும். துப்பிவிட்டு அடுத்த தறிக்குத் திரும்ப வேண்டும். விசைத்தறியில் வயிறு வளர்க்கிற ஆணும் பெண்ணும் நாள் முழுக்கச் செய்கிற வேலை இது.

அவளுக்கு எதிரில் ரெங்கம்மாளின் தறி ஓடாமல் கிடந்தது. போன மாதம் ஓட்டத்தில் இருந்த நாடா தறியை விட்டுப் பறந்து வந்து ரெங்கம்மாளின் வலது கண்ணில் அடித்தது. கண் போய்விட்டது. நாடா பறக்காமல் மறிக்கிற தடுப்புக் கம்பி அந்தத் தறியில் ஒடிந்து நெடுநாளாகியிருந்தது. கம்பி நன்றாகத்தான் இருந்தது, ரெங்கம்மாள்தான் கழற்றி வீசினாள் என்று தொழிலாளர் ஆபீசில் எழுதிக் கொடுத்தார் முதலாளி. அது பொய் என்று கொட்டகையில் அத்தனை பேருக்கும் தெரியும். திங்கட்கிழமை விசாரணையில் அதை வாயைத் திறந்து சொல்ல ஒத்துக்கொண்டவள் தாமரைச்செல்வி ஒருத்திதான்.

அவள் ஒத்துக்கொண்ட வாரத்திலேயே அந்த வீடியோ வந்தது.

பேர் போடாமல், முகம் காட்டாமல் யாரை வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற ஆப் அது. அதில் 'செல்லூர் சீக்ரெட்' என்று ஒரு பக்கம். தாமரைச்செல்வி நாடாவை உதட்டில் வைக்கிறாள், நிமிர்ந்து சிரிக்கிறாள். அவ்வளவுதான் வீடியோ. தறியையும் தாரையும் வெட்டி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் வைத்திருந்தான் படுபாவி. 'பறக்கும் முத்தம் யாருக்கு? புருஷன் பரவையில், அக்கா பரவசத்தில்' என்று மேலே எழுதியிருந்தது. சும்மா மென்ற வாய்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. கீழே நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். ஒருவனுக்கும் பேர் இல்லை. ஒருவன் அவள் வீட்டுத் தெருவைப் போட்டான். இன்னொருவன் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தைப் போட்டான். புகார் என்ற பொத்தானை அழுத்தியதற்கு, 'இப்பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை' என்று பதில் வந்தது.

தாமரைச்செல்வி வேலைக்கு வரவில்லை. மகளையும் வீட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

பாண்டியம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. அந்த வீடியோவை எடுத்தவனின் விரல்களை ஒவ்வொன்றாக ஒடிக்க வேண்டும் என்று இருந்தது. கொட்டகைக்குள் நுழையும்போதே எல்லோருடைய போனையும் வாங்கி வாசல் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். உதிரிப் பாகம் கேட்டுப் பேச வேண்டியிருப்பதால் தறி மெக்கானிக் மலையாண்டி மட்டும் போன் வைத்துக்கொள்ளலாம். பிறகென்ன யோசனை? டீ நேரத்தில் அவன் சட்டையைப் பிடித்து ஓங்கி ஒன்று விட்டாள்.

"சொல்லுடா, எம்புட்டுக் குடுத்தாரு மொதலாளி?"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மலையாண்டி அழுதுவிடுவான் போலிருந்தான். "யக்கா, வீடியோவ ஒழுங்காப் பாத்தீகளா? உச்சந்தலை வகிடு தெரியுது. நான் ஏணி போட்டு ஏறுனாலும் அம்புட்டு உசரம் வராது. மேல பாருங்க."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தாமரைச்செல்வியின் தறிக்கு நேர் மேலே கேமரா தொங்கியது. ரெங்கம்மாளுக்குக் கண் போனபின் முதலாளி செய்த ஒரே காரியம் அதுதான். பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லி மாட்டினார். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதைப் பார்க்கிறவன் அவர் மகன் அருள்பாண்டி.

"அறைஞ்சதுக்கு மன்னிச்சிருடா தம்பி," என்றாள் பாண்டியம்மாள். அவளுடைய கோபத்துக்கு இப்போது முகவரி கிடைத்திருந்தது.

அன்று சாயங்காலமே ஒரு நாடாவையும் தாரையும் முந்தானையில் முடிந்துகொண்டு தாமரைச்செல்வி வீட்டுக்குப் போனாள். தாமரைச்செல்வி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் காசிமாயன் பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். தறிக் கொட்டகைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

"மார்க்கெட்ல அம்புட்டுப் பயலும் என்னையப் பாத்து ஒதட்டக் குவிக்கிறான்க்கா," என்றான் அவன். "யாருக்குடி குடுத்தேன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறா."

"நீயும் அதைத்தான் கேட்டியாக்கும்?" பாண்டியம்மாள் தாரைச் செருகி நாடாவை அவன் கையில் திணித்தாள். "இந்தா. இந்த ஓட்டையில வாய வச்சு உறிஞ்சு."

அவன் உறிஞ்சினான். நூலும் பஞ்சும் எண்ணெயுமாகத் தொண்டைக்குள் போய், கண்ணில் நீர் வர இருமினான்.

"இனிச்சுச்சா? இந்த முத்தத்தத்தான் ஒம் பொண்டாட்டி பத்து வருசமாக் குடுக்குறா. ஒம் மக அதுலதான் படிக்கிறா."

காசிமாயன் நாடாவைக் கீழே வைக்கவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "தப்புதான் தாமரை. ஒன்கிட்ட கேட்டிருக்கக் கூடாது," என்றான்.

தாமரைச்செல்வி அப்போதுதான் திரும்பினாள். அவள் கண்ணில் அழுகை வற்றிப் போயிருந்தது. கேமராவையும் அருள்பாண்டியையும் பற்றிப் பாண்டியம்மாள் சொன்னாள்.

"அவனை என்ன செய்யலாம்கா?"

"கையை ஒடிப்போம். பெறகு வாரது வரட்டும்."

"ஒடிச்சா நாம ஜெயிலுக்குப் போவோம், அவன் ஆஸ்பத்திரியில ஆப்பிள் தின்பான். வேணாம். பேரில்லாம ஒளிஞ்சுக்கிட்டுத்தான அடிச்சான்? அவன் பேரு வெளிய வரணும். நான் தெருவுல நடக்க முடியாம கெடந்தேன்ல, அவன் நடக்க முடியாம கெடக்கணும். அதை எங் கண்ணால பாக்கணும்."

மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தாள். தறியை முடுக்கவில்லை. அவள் நிற்பதைப் பார்த்துப் பாண்டியம்மாள் கையைத் தூக்கினாள். ஒவ்வொரு தறியாக நின்றது. கடைசித் தறியும் ஓய்ந்தபோது, தெருவில் பால்காரன் மணி அடிப்பது கொட்டகைக்குள் கேட்டது.

முதலாளி மாடிப்படியில் ஓடி வந்தார். பின்னால் அருள்பாண்டி.

"என்னங்கடா இது? கரண்ட் இருக்கையில தறிய ஏன் நிறுத்துனீங்க?"

"அந்த வீடியோ ஒங்க கேமராவுல எடுத்தது மொதலாளி," என்றாள் தாமரைச்செல்வி.

"கேமரா ஒங்க பாதுகாப்புக்கும்மா. ஒரு தப்புத்தண்டா நடந்தா தெரியணும்ல?"

"ஒரு தடுப்புக் கம்பி மாட்டச் சொன்னோம், ஆகட்டும் பாப்போம்னீங்க. ரெங்கம்மாக்கா கண்ணைக் காப்பாத்த வக்கில்லை, எங்க வாயைப் பாக்க மட்டும் மேல கண்ணு வைப்பீங்களா?"

அருள்பாண்டி படியிலிருந்தபடியே சிரித்தான். "யாராச்சும் ஹேக் பண்ணிருப்பாங்க. அந்தப் பேஜ் யாருதுன்னு யாருக்குத் தெரியும்? ஆதாரம் இருந்தா போலீசுக்குப் போங்க."

"சைபர் கிரைமுக்கு நேத்தே எழுதிக் குடுத்தாச்சு தம்பி. அது பாட்டுக்கு அது நடக்கும்," என்ற பாண்டியம்மாள் மலையாண்டியைப் பார்த்தாள். அவன் பெரிய ஸ்பானரால் வாசல் பெட்டியின் பூட்டை ஒரே தட்டில் உடைத்தான். அவரவர் போன் அவரவர் கைக்கு வந்தது.

வீடியோவுக்கு முதலில் நின்றவள் தாமரைச்செல்விதான். பாண்டியம்மாள் போனைப் பிடித்தாள். தாமரைச்செல்வி நாடா, தார், தறி, முகம் எல்லாம் தெரியும்படி நின்று, ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சி, நூலைத் துப்பினாள். "எம் பேரு தாமரைச்செல்வி. விசைத்தறி ஓட்டுறேன். எங்களுக்கு நூல் இப்படித்தான் வரும். இது எம் பேரு, இது எம் மொகம். ஒம் பேரு என்ன?" அதை அந்தப் பக்கத்திலேயே, அந்த வீடியோவுக்குக் கீழேயே போட்டாள்.

மாடிப்படியில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

யாருக்கும் உடனே புரியவில்லை. அடுத்ததாகச் சாரதாம்பாள் நாடாவை எடுத்தார். வீட்டில் சௌராஷ்டிரம், கொட்டகையில் தமிழ் என்று நாற்பது வருடம் தறியோடு வாழ்ந்தவர். உறிஞ்சினார், துப்பினார், பேரைச் சொன்னார், "ஒன் பேரு என்னப்பா?" என்றார். போட்டார்கள்.

டிங்.

இப்போது எல்லாத் தலைகளும் திரும்பின. சத்தம் அருள்பாண்டியின் சட்டைப் பையிலிருந்து வந்தது. தறிகள் ஓடியிருந்தால் இடி விழுந்தாலும் அந்த இடத்தில் கேட்டிருக்காது.

"பேஜுக்குச் சொந்தக்காரன் போனுலதான் அடிக்கும். இருங்க, சரிபாத்துருவோம்," என்று மலையாண்டி மீசையோடு நாடாவில் வாயை வைத்தான். அவன் பேரைப் போட்டதும் மறுபடி டிங். அருள்பாண்டி பையைக் கையால் பொத்தினான். போனை எடுத்துச் சத்தத்தை அமுக்க அந்த அறிவாளிக்குத் தோன்றுவதற்குள் இன்னும் இரண்டு அடித்தன. அழகுபாண்டி முதலாளி மகனைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான்.

"போன எடுத்துக் காட்டுங்க தம்பி. ஹேக் பண்ணவன் யாருன்னு எங்களுக்கும் தெரியட்டும்," என்றாள் பாண்டியம்மாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவள் முயலவில்லை.

அப்போதும் முதலாளி அதட்டினார். "வீடியோ போட்டவுக யாரும் நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

"சரி மொதலாளி," என்றாள் தாமரைச்செல்வி. "நாளைக்குத் தறிய நீங்களும் ஒங்க மகனும் ஓட்டுங்க. உறிஞ்சப் பழகிக்கிடணும். திங்கக்கெழம தொழிலாளர் ஆபீசுல பாப்போம்."

"நீ ஒருத்தி சொன்னா நம்பிருவாங்களா?"

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் சாரதாம்பாள், "நானும் வாரேன்," என்றார். "ஒடைஞ்ச கம்பியக் கழட்டி வச்சது நாந்தான், நானும் வாரேன்," என்றான் மலையாண்டி. ஆளாளுக்கு வாரேன் வாரேன் என்றார்கள். பக்கத்துக் கொட்டகையிலும் தறிச் சத்தம் நின்றது. கையில் நாடாவோடு ஆட்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள்.

அருள்பாண்டி மாடிக்கு ஏறத் திரும்பினான்.

"எங்க போற? எறங்கி நில்லு," என்றாள் தாமரைச்செல்வி. அந்தக் கொட்டகையில் முதலாளி வீட்டு ஆளை ஒருமையில் கூப்பிட்டவர்கள் அதுவரை இல்லை. "இன்னும் முடியல. செல்லூர்ல எத்தனை தறி ஓடுதோ அத்தனை பேரும் பேரச் சொல்லுவாக. எல்லாத்தையும் நின்னு கேட்டுட்டுப் போ."

அவன் நின்றான். வாசலில் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. அடுத்த ஆள் நாடாவை வாயில் வைத்தார்.